தெருப்பூனையை அதே இடத்தில் விடுவதா, வீடு தேடுவதா? தர்மபுரி, கிருஷ்ணகிரி வாசிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

“மாடியில் பூனை குட்டி போட்டிருக்கிறது. எங்கேயாவது கொண்டுபோய் விட ஆள் இருக்கிறதா?” எங்கள் பக்கம் தெருப்பூனைகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். இந்த ‘எங்கேயாவது’ என்பதற்குச் சில நிரந்தர முகவரிகள் உண்டு: ஏரிக்கரை, சந்தை மைதானம், மீன் கடை வரிசை, நெடுஞ்சாலை உணவகத்தின் பின்புறம். சாக்கில் போட்டு வாயைக் கட்டி, இரவோடு இரவாக இறக்கிவிட்டு வந்துவிடுவார்கள். மனசாட்சிக்கு, “அங்கே மீன் கிடைக்கும்” என்று ஒரு சமாதானம்.

அங்கே மீன் கிடைக்கலாம். ஆனால் அந்த மீனுக்கு ஏற்கெனவே உரிமை கொண்டாடும் பூனைகளும் நாய்களும் இருக்கின்றன. பழகாத இடத்தில் விடப்பட்ட பூனை முதல் சில நாட்கள் எங்காவது பதுங்கிப் பட்டினி கிடக்கும். பிறகு பழைய இடத்தைத் தேடி நடக்கத் தொடங்கும். பல நேரம் சாலையில் முடியும். பசியாலும் தாகத்தாலும் வாடும்படி ஒரு விலங்கைக் காரணமின்றிக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், காரியமும் நடப்பதில்லை. எலியும் எச்சில் சோறும் இருக்கிற வரை காலியான இடத்துக்கு இன்னொரு பூனை வந்து சேரும். அதுவும் குட்டி போடும்.

ஆக, நேர்மையான வழிகள் இரண்டு. கருத்தடை செய்து அதே இடத்தில் திருப்பி விடுவது ஒன்று. மனிதர் வீட்டில் சேர்ப்பது மற்றொன்று. இவற்றில் எது என்று கேட்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: இரண்டுக்குமே கருத்தடை பொது. அறுவை முடிந்த பிறகு கூண்டின் கதவை எங்கே திறப்பது என்பதுதான் கேள்வி. அதை நம்முடைய இரக்கம் முடிவு செய்யக் கூடாது. அந்தப் பூனை வளர்ந்த விதம், அது வாழும் இடம், கையில் உண்மையாகவே இருக்கிற வீடு ஆகிய மூன்றும்தான் முடிவு செய்ய வேண்டும்.

படி 1: கை வைக்கும் முன் ஒரு வாரம் பாருங்கள்

தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் உணவு வையுங்கள். மாலை ஆறு மணி என்றால் ஆறு மணி. சில நாட்களில் எல்லாப் பூனைகளும் அந்த நேரத்துக்கு வரப் பழகிவிடும், எண்ணிக்கையும் தெரிந்துவிடும். “பத்துப் பதினைந்து இருக்கும்” என்று தெருவே சத்தியம் செய்யும் இடத்தில் படம் எடுத்து ஒப்பிட்டால் ஐந்தாறுதான் தேறும். ஒரே சாம்பல் வரிப்பூனையை நான்கு வீட்டார் நான்கு பூனைகளாக எண்ணியிருப்பார்கள். அதனால் கைப்பேசியில் ஒவ்வொன்றையும் இடப்பக்கம், வலப்பக்கம், முகம் என மூன்று படங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

நிறமும் சில தகவல்களைத் தரும். வெள்ளை, கறுப்பு, செம்மஞ்சள் மூன்றும் கலந்த பூனை கிட்டத்தட்ட எப்போதும் பெட்டை. முழுக்கச் செம்மஞ்சள் என்றால் பெரும்பாலும் கடுவன். கன்னம் உப்பி, தலை உடலுக்குப் பெரிதாகத் தெரிந்தால் அது கருத்தடை ஆகாத, வயது வந்த கடுவன். வயிற்றின் அடியில் காம்புகள் புடைத்து, சுற்றிலும் முடி உதிர்ந்திருந்தால் எங்கோ பால் குடிக்கும் குட்டிகள் இருக்கின்றன என்று பொருள். இதைக் கவனிக்காமல் தாயைப் பிடித்துக்கொண்டு போனால் குட்டிகள் செத்துப்போகும்.

காதையும் பாருங்கள். ஒரு காதின் நுனி, வழக்கமாக இடது காது, கத்தரித்ததுபோல் நேர்கோட்டில் இருந்தால் அந்தப் பூனைக்கு யாரோ ஏற்கெனவே கருத்தடை செய்திருக்கிறார்கள். சண்டையில் கிழிந்த காது கோணல்மாணலாக இருக்கும்.

பிறகு விசாரணை. பால்காரர், இஸ்திரி வண்டிக்காரர், மளிகைக் கடைக்காரர் ஆகியோருக்கு எந்தப் பூனை எந்தத் திண்ணையில் தூங்குகிறது என்று தெரியும். நீங்கள் தெருப்பூனை என்று நினைப்பது மூன்று வீடுகளில் மூன்று பெயரோடு சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். தொட விடுகிற பூனையாக இருந்தால், இழுத்தால் கிழிந்துவிடும் மெல்லிய காகிதப் பட்டையில் “இது உங்கள் பூனையா?” என்று எழுதி, கைப்பேசி எண்ணோடு கழுத்தில் தளர்வாக மாட்டிவிடுங்கள். ‘உரிமையாளர் இல்லை’ என்று முடிவு கட்டி வேறு வீட்டுக்குக் கொடுத்த பூனையைத் தேடி ஒரு பாட்டி கண்ணீரோடு வந்து நிற்பது எல்லாருக்கும் சங்கடம்.

படி 2: மனிதரை நம்பும் பூனையா, இடத்தை நம்பும் பூனையா?

வழிதவறி வந்த அல்லது கைவிடப்பட்ட வீட்டுப்பூனைக்கு மனிதர்தான் வீடு. தெருவிலேயே பிறந்து, குட்டியில் மனிதக் கை படாமல் வளர்ந்த பூனைக்கு அந்தச் சுவரும் சந்தும்தான் வீடு. வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

தட்டை வைத்துவிட்டுப் பத்தடி தள்ளி உட்காருங்கள். நிற்க வேண்டாம், நிற்கிற மனிதன் பூனைக்கு அச்சுறுத்தல். நேராக வெறித்துப் பார்க்கவும் வேண்டாம். சில பூனைகள் வாலை நட்டுக்கொண்டு, உங்களைப் பார்த்துக் குரல் கொடுத்துக்கொண்டே வரும். வளர்ந்த பூனைகள் தமக்குள் ‘மியாவ்’ என்று பேசிக்கொள்வது அரிது. அது மனிதரோடு பேசப் பழகிய குரல். கண்ணை மெதுவாக மூடித் திறந்தால் இன்னும் நல்லது. வேறு சில, தரையோடு ஒட்டி வந்து ஒரு வாய் எடுத்து, தலையைத் தூக்கி உங்களைப் பார்த்து, மறுபடி ஒரு வாய் எடுக்கும். நீங்கள் முழங்காலை அசைத்தால் போதும், மதிலுக்கு அந்தப் பக்கம் போய்விடும். மூன்றாம் வகை, நீங்கள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தும் வரை வரவே வராது. முதல் வகைக்கு வீடு தேடலாம். மூன்றாம் வகைக்கு வீட்டுக்குள் அடைபடுவது சிறைத்தண்டனை. நடுவில் இருப்பதற்கு இரண்டு வாரமாவது கொடுங்கள். சில பூனைகள் உணவு வைக்கும் கையை அதற்குள் நம்பத் தொடங்கிவிடும்.

கூண்டுக்குள் பிடிபட்ட பூனையை வைத்து இந்த முடிவுக்கு வராதீர்கள். மடியில் தூங்கி வளர்ந்த பூனையும் கூண்டில் சீறும், கம்பியில் மோதும். துணி போட்டு மூடி, அமைதியான அறையில் ஓரிரு நாள் வைத்துப் பார்த்தால்தான் உண்மைக் குணம் வெளிப்படும்.

படி 3: குட்டிகள் என்றால் வயதுதான் கணக்கு

பூனைக்குட்டி மனிதரை ஏற்றுக்கொள்ளும் பருவம் மிகக் குறுகியது. இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை தொட்டுப் பழக்கினால் பெரும்பாலான குட்டிகள் வீட்டுக்குட்டிகள் ஆகிவிடும். எட்டுப் பத்து வாரம் வரை சற்று உழைத்தால் முடியும். நான்கு மாதத்தைத் தாண்டிவிட்டால், ஒன்றிரண்டு விதிவிலக்குகள் தவிர, அது தெருப்பூனையாக உருவாகிவிட்டது.

கண் திறக்க ஒன்று முதல் இரண்டு வாரம். தள்ளாடி நடந்தால் மூன்று வாரம். ஓடிப் பிடித்து விளையாடினால் ஐந்து வாரம் கடந்துவிட்டது. சமையலறைத் தராசு இருந்தால் எளிது: முதல் நான்கைந்து மாதங்களில் மாதத்துக்குச் சுமார் 450 கிராம் என்ற கணக்கு ஓரளவு பொருந்தும். இரண்டு மாதக் குட்டி 900 கிராமை ஒட்டி இருக்கும்.

தனியாகக் கத்தும் குட்டியைக் கண்டவுடன் தூக்கிவிடாதீர்கள். பூனை குட்டிகளோடு ஏழு வீடு மாறும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதில் எண்ணிக்கை எப்படியோ, விஷயம் சரி. தாய் ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போகும்போது இடையில் ஒரு குட்டி தனியே கிடப்பது வழக்கம். தள்ளி நின்று சில மணி நேரம் பாருங்கள். நாய்த் தொல்லை, மழை, கொளுத்தும் வெயில் என்றால் அருகிலேயே பாதுகாப்பான மூலைக்கு நகர்த்தி வைத்தால் போதும். மனித வாடை பட்டதற்காகத் தாய் ஒதுக்கிவிடாது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழி, தை இரவுகளில் மட்டும் அதிகம் காத்திருக்க வேண்டாம். நான்கு வாரத்துக்குட்பட்ட குட்டியால் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. குளிர்ந்த குட்டிக்கு முதலில் வெதுவெதுப்பு, பிறகுதான் பால். அதுவும் பசும்பால் அல்ல. அது வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். பூனைக்குட்டிகளுக்கான பால்பொடி செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும்.

கரும்பு வெட்டும் காலத்தில் பாலக்கோடு, அரூர் பக்கத் தோட்டங்களில் சோகைக்கு நடுவே குட்டிகள் கிடைக்கும். கால் நீண்டு, வால் குட்டையாக, காது நுனியில் கறுப்பு முடி தெரிந்தால் அது காட்டுப்பூனையாக இருக்கலாம். வீட்டுக்கு எடுத்துப் போவது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அந்த மூலையில் வெட்டை நிறுத்திவிட்டு, கிடந்த இடத்திலேயே விட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். இருட்டியதும் தாய் வந்து எடுத்துக்கொண்டு போக வாய்ப்பு அதிகம்.

படி 4: அந்த இடம் தாங்குமா?

பூனையைப் படித்தாகிவிட்டது, இனி இடத்தைப் படியுங்கள். தினமும் யாராவது உணவு வைக்கிறார்களா? மழைக்கு ஒதுங்க இடம் உண்டா? இடிக்கப்போகிற கட்டடமா? ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் பழைய ஓட்டு வீடுகள் இடிந்து அடுக்குமாடிகள் எழும் வேகத்தில் இந்தக் கேள்வி முக்கியம். ஓசூரிலிருந்து தொப்பூர் வரை நெடுஞ்சாலையை ஒட்டிய கடை என்றால், இத்தனை நாள் இந்தப் பூனைகள் எப்படிப் பிழைத்தன என்று பாருங்கள். வளர்ந்த, கொழுத்த பூனைகள் இருந்தால் அவை சாலையைக் கற்றுக்கொண்டவை. குட்டிகளும் இளம் பூனைகளும் மட்டுமே இருந்தால், பெரியவை ஏன் இல்லை என்று யோசியுங்கள்.

எலி மருந்து வைக்கும் இடமா என்று கட்டாயம் கேளுங்கள். மருந்து தின்ற எலியைத் தின்னும் பூனையும் சாகக் கூடும். கேழ்வரகு மூட்டை அடுக்கும் கிடங்கு, புளி மண்டி, மாங்கூழ் ஆலையின் சுற்றுப்புறம் எங்கும் இந்தப் பேச்சை எடுக்காமல் பூனையைத் திருப்பி விடாதீர்கள்.

அடுத்து, அக்கம்பக்கம். பூனை வேண்டாம் என்பவர்களில் பெரும்பாலோர் பூனையை வெறுப்பவர்கள் அல்ல. இரவில் குழந்தை அழுவதுபோன்ற கத்தல், வாசலில் கடுவன் பீய்ச்சிய மூத்திர நாற்றம், பரணில் குட்டி, இந்த மூன்றும்தான் அவர்களுடைய புகார். மூன்றையும் கருத்தடை பெருமளவு தீர்த்துவிடும். இதைப் பொறுமையாகச் சொன்னாலே பாதி வீடுகள் இறங்கி வரும். விஷம் வைப்பேன் என்பவரிடம் மட்டும் வேறு தொனி தேவை: விலங்கை விஷம் வைத்துக் கொல்வதற்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவு ஐந்தாண்டு வரை சிறை என்கிறது. இதைச் சண்டையாகச் சொல்லாமல் தகவலாகச் சொல்லுங்கள். அப்படியும் மிரட்டல் தொடர்ந்தால் அந்த இடத்தைப் பாதுகாப்பானது என்று எழுதிக்கொள்ள முடியாது.

படி 5: முடிவு

இவ்வளவும் தெரிந்த பிறகு பெரும்பாலான பூனைகளுக்கு விடை தானாக வந்துவிடும். மனிதரைக் கண்டால் ஓடும் வளர்ந்த பூனை, உணவு கிடைக்கும் இடம் என்றால் கருத்தடை செய்து அதே இடத்தில் விடுவதுதான் சரி. ‘பாவம், தெருவில் கஷ்டப்படுகிறது’ என்று அதைக் குளியலறையில் அடைத்து அன்பு காட்டுவது நமக்கு நாமே செய்துகொள்ளும் உபகாரம். மனிதரிடம் ஒட்டும் வளர்ந்த பூனை, கவனிக்க ஆளில்லாத இடம் என்றால் வீடு தேடுங்கள். எட்டு வாரத்தை ஒட்டிய குட்டிகளுக்கும் வீடு தேடலாம், வீடு கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்தால்.

பலரும் சறுக்குவது மனிதரிடம் பழகிய, ஆனால் நல்ல இடத்தில் இருக்கும் பூனை விஷயத்தில். மீன் கடைக்காரரோ டீக்கடை அண்ணனோ தினமும் சோறு வைக்கிறார், பகலில் கல்லாவுக்கு அடியில் தூங்குகிறது, தெருவே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. அதற்கு வீடு ஏற்கெனவே இருக்கிறது. கருத்தடை செய்து, காது நுனி வெட்டி, தடுப்பூசி போட்டு அங்கேயே விடுங்கள். உங்கள் கையில் இருக்கும் ஒரு நல்ல வீட்டை, போக்கிடம் இல்லாத இன்னொரு பூனைக்கு வைத்துக்கொள்ளலாம்.

கடினமானது மூன்று முதல் ஐந்து மாதக் குட்டி. பழக்கினால் பழகலாம், ஆனால் ஓர் அறை, தினமும் இரண்டு மூன்று மணி நேரம், பல வாரப் பொறுமை வேண்டும். வேலைக்குப் போய்விட்டு இரவு எட்டு மணிக்கு வருகிறவர் இதில் இறங்க வேண்டாம் என்பது என் கட்சி. அரைகுறையாகப் பழக்கிய பூனை வீட்டுக்கும் ஆகாது, தெருவில் நாயிடமும் மனிதரிடமும் வேண்டிய பயத்தையும் இழந்திருக்கும். கருத்தடை செய்து தாயோடு சேர்த்து விடுங்கள்.

இடம் அழிகிறது, பூனையோ மனிதரிடம் அண்டாது என்றால் கிடங்கு, தோட்டம், மாட்டுத் தொழுவம் போன்ற இடங்களில் எலிக்காவலாகச் சேர்க்கலாம். பென்னாகரம் பக்கம் பட்டுப்புழு வளர்க்கும் ஓர் அக்கா, “புழுவை எலி தின்பதற்கு முன்னால் எனக்கு இரண்டு பூனை கொடுங்கள் தம்பி, ஆனால் குட்டி போடாத பூனையாகக் கொடுங்கள்” என்று கேட்டது நினைவிருக்கிறது. இப்படிப்பட்டவர்கள் நம் இரு மாவட்டங்களிலும் நிறைய. ஒரு நிபந்தனை: புதிய இடத்தில் மூன்று நான்கு வாரம் பெரிய கூண்டிலோ பூட்டிய அறையிலோ வைத்து, அங்கேயே உணவளித்த பிறகுதான் திறந்துவிட வேண்டும். முதல் நாளே திறந்தால் மறுநாள் பூனை இருக்காது. புழு வளர்ப்பு மனையைச் சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் போட்டுச் சுத்தம் செய்வார்கள். கூண்டு அந்த நெடிக்குத் தள்ளி இருக்கட்டும்.

படி 6: மருத்துவரும் கூண்டும்

முதலில் மருத்துவரைப் பிடியுங்கள், பிறகு பூனையை. நம் அரசு கால்நடை மருந்தகங்களில் மாடும் ஆடும்தான் முதல் வரிசை. பூனைக்கு அறுவை செய்து பழக்கமுள்ள மருத்துவர் இருக்கிறாரா, எந்த நாளில் வரலாம் என்று நேரில் போய்க் கேளுங்கள். இல்லையென்றால் தனியார் மருத்துவமனை. ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரும் தர்மபுரிக்காரர்களுக்குச் சேலமும் எட்டும் தூரம்தான். நகராட்சியின் கருத்தடைத் திட்டம் என்று காதில் விழுவது பெரும்பாலும் நாய்களுக்கானது. அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

மருத்துவரிடம் நான்கு விஷயங்களைத் தெளிவாகச் சொல்லுங்கள்: இது தொட விடாத தெருப்பூனை, தையல் பிரிக்கத் திரும்பக் கொண்டுவர முடியாது, ஆகவே தானாகக் கரையும் நூல் வேண்டும், மயக்கத்தில் இருக்கும்போதே ரேபிஸ் தடுப்பூசி போட வேண்டும், காது நுனியை வெட்ட வேண்டும். வளர்ந்த பூனைக்கு இடது காதில் சுமார் ஒரு சென்டிமீட்டர். காதை வெட்டுவதா என்று பலர் பதறுகிறார்கள். அந்த அடையாளம் இல்லாவிட்டால் அதே பெட்டையை அடுத்த ஆண்டு வேறு யாரோ பிடித்து, வயிற்றைத் திறந்த பிறகு, உள்ளே கர்ப்பப்பை இல்லை என்று கண்டுபிடிப்பார்கள்.

பணம் குறைவாக இருந்தால் பெட்டைகளிலிருந்து தொடங்குங்கள். சினைக்காலம் 63 முதல் 65 நாள். நான்கைந்து மாதத்திலேயே பருவத்துக்கு வரும். நம் வெயில் நாட்டில் ஏறத்தாழ ஆண்டு முழுவதும் குட்டி போடும். பால் கொடுக்கும்போதே மறுபடி சினையாகும். பத்துக் கடுவன்களில் ஒன்பதுக்குச் செய்தாலும் மிச்சமுள்ள ஒன்று போதும். கடுவனுக்கு அறுவை ஆன பிறகும் சில வாரங்கள் இனப்பெருக்கத் திறன் மிஞ்சியிருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கதவு தானாக விழும் கூண்டு வாங்கலாம், இரும்புப் பட்டறையில் செய்தும் கொள்ளலாம். முந்தைய நாள் வழக்கமான உணவை நிறுத்துங்கள். கூண்டின் பின்கோடியில் வறுத்த நெத்திலிக் கருவாடு, முன்வாசலிலிருந்து உள்ளே வரை அதன் தூள். தரையில் செய்தித்தாள் விரியுங்கள். கம்பி காலில் பட்டால் பூனை பின்வாங்கும். கதவு விழுந்த நொடியில் பெரிய துணியால் முழுதும் மூடுங்கள், துள்ளல் அடங்கிவிடும். வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். சித்திரை, வைகாசி வெயிலில் கூண்டுப் பூனை சீக்கிரம் துவண்டுவிடும். வளர்ந்த பூனைக்கு அறுவைக்கு முந்தைய இரவு உணவு நிறுத்த வேண்டும். குட்டிக்கு அவ்வளவு நேரம் பட்டினி ஆகாது. மருத்துவர் சொல்லும் மணிக்கணக்கைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெறுங்கையால் பிடிக்காதீர்கள். கடித்தாலோ நகத்தால் பிறாண்டி ரத்தம் வந்தாலோ ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தோலுக்குள் போடும் ரேபிஸ் தடுப்பூசி முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாட்கள் என்று நான்கு தவணை. மஞ்சள் வைத்துக் கட்டுவது மருத்துவம் அல்ல.

படி 7: அறுவைக்குப் பிந்தைய நாட்கள்

மயக்கம் தெளியும் வரை கூண்டைத் தரையில், நிழலில், துணி மூடி வையுங்கள். மயக்கத்தில் பூனையின் உடல் சில்லிடும். அடியில் கனமான துணியோ அட்டையோ இருக்கட்டும். தலையைத் தூக்கி நிலையாக உட்காரும் வரை நீரும் வேண்டாம், உணவும் வேண்டாம். கடுவனை ஒரு நாள் வைத்திருந்தால் போதும். பெட்டையைக் குறைந்தது இரண்டு நாள், முடிந்தால் மூன்று நாள். பால் கொடுக்கும் தாய் மட்டும் விதிவிலக்கு: முழுதாகத் தெளிந்ததும் அன்றே குட்டிகளிடம் விட வேண்டும். அறுவையால் பால் வற்றாது. விலாப்பக்கம் திறந்து அறுவை செய்யச் சொன்னால் குட்டிகள் காம்பைத் தேடும்போது தையலில் உரசாது. தெருவில் விட்ட பிறகும் தையலைத் தூரத்திலிருந்தே பார்க்கலாம்.

கூண்டைக் கழுவப் பினாயில் பயன்படுத்தாதீர்கள். அது பூனைக்கு நஞ்சு. பூனையைக் கூண்டிலிருந்து மாற்றிய பிறகு சோப்பு நீரால் கழுவி, வெயிலில் காயவைத்தால் போதும். வலிக்குமே என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலில் கால் மாத்திரை கொடுப்பவர்கள் உண்டு. அந்தக் கால் மாத்திரை பூனையைக் கொல்லும். வலி மருந்தை மருத்துவரே போட்டு அனுப்பட்டும். மறுநாளும் உணவைத் தொடாமல் இருப்பது, தையலில் ரத்தமோ நீரோ கசிவது, எழுந்திருக்காமல் கிடப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மருத்துவருக்கு அழையுங்கள்.

படி 8: திருப்பி விடும்போது

பிடித்த இடத்திலேயே, அதே சந்தில், உணவு நேரத்தை ஒட்டி விடுங்கள். அடுத்த தெருவும் வேறு நாடுதான் அதற்கு. கூண்டின் வாசலைச் சாலைக்கு எதிர்த்திசையில் திருப்பி வைத்துவிட்டுத் திறந்து, விலகிப் போங்கள். நன்றிப் பார்வை எதையும் எதிர்பார்க்க வேண்டாம். அம்புபோல் ஓடி, ஓரிரு நாள் கோபத்தில் தலைகாட்டாது. உணவை வழக்கம்போல் வையுங்கள், வந்துவிடும். அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துவிட்டால் எறும்பும் பெருச்சாளியும் பக்கத்து வீட்டுப் புகாரும் சேராது. புதிய முகம் ஏதாவது தென்பட்டால் அது குட்டி போடும் முன் பிடித்துவிடுங்கள்.

படி 9: வீடு தேடும்போது

குட்டியின் அழகான படத்தை வாட்ஸ்அப்பில் போட்டால் மாலைக்குள் பத்துப் பேர் கேட்பார்கள். அதில் எட்டுப் பேர் கேட்பது படத்துக்காக. கறுப்புக்குட்டி வேண்டாம், பெட்டை வேண்டாம் என்று தொடங்குகிறவர்களிடம் நேரம் செலவழிக்காதீர்கள். கேட்க வேண்டியவை: வாடகை வீடா, வீட்டுக்காரர் சம்மதித்தாரா? வீட்டிலுள்ள எல்லாருக்கும் விருப்பமா? தொற்றுநோய்த் தடுப்பூசிகளையும், நான்கைந்து மாதத்தில் கருத்தடையையும் செய்வீர்களா? ஓசூரின் தொழிற்பேட்டைகளில் வேலை பார்க்கும் இளைஞர்கள் ஆசையாக வந்து கேட்பார்கள், நல்லவர்கள்தான். வேலை மாறி ஊர் மாறும்போது பூனை எங்கே போகும் என்று அவர்களிடம் தவறாமல் கேளுங்கள். “ஊரில் அம்மாவிடம் விட்டுவிடுவேன்” என்றால் அந்த அம்மாவிடமே கைப்பேசியில் பேசிவிடுங்கள். அடுக்குமாடி என்றால் பால்கனிக்கும் ஜன்னலுக்கும் வலை அடித்த பிறகுதான் குட்டி போக வேண்டும்.

எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். முடிந்தால் இரண்டு குட்டிகளாகக் கொடுங்கள். தனிக்குட்டி விளையாட்டுக்குத் துணையின்றி மனிதர் கையைக் கடித்துப் பழகும். அந்த வீட்டில் அண்மையில் பூனைக்குட்டி வயிற்றுப்போக்கும் வாந்தியுமாக இறந்திருந்தால், தடுப்பூசி முடியாத குட்டியை அங்கே அனுப்பவே வேண்டாம். அது வைரஸ் நோயாக இருக்கலாம்; அந்த வைரஸ் தரையிலும் துணியிலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார் என்று தயங்குகிறவர்களுக்கு: மலத்தொட்டியை வேறொருவர் தினமும் சுத்தம் செய்தால் போதும். கருவைப் பாதிக்கக் கூடிய டாக்சோபிளாஸ்மா என்ற கிருமி பூனையின் மலத்தில் தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும்.

நீங்களே கொண்டுபோய் விடுங்கள்; வீட்டையும் பார்த்தாற்போல் இருக்கும். முதல் வாரம் ஒரே அறையில் வைக்கச் சொல்லுங்கள். முடியவில்லையென்றால் என்னிடமே திருப்பிக் கொடுங்கள், தெருவில் விடாதீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு வாருங்கள். முதல் இரவே “பூனை ஓடிவிட்டது” என்று அழைப்பு வந்தால் பதற வேண்டாம். பயந்த பூனை பெரும்பாலும் தொலைவு போகாது. அதே கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியிலோ, அடுத்த வீட்டு விறகு அடுக்கிலோ, நிறுத்திய காருக்கு அடியிலோ இருக்கும். அது படுத்த துணியை வாசலில் போடச் சொல்லுங்கள். இரவு பதினொரு மணிக்கு மேல், தெரு அடங்கிய பிறகு, நீங்களே வழக்கமாக வைத்த அதே கருவாட்டோடு போய், வழக்கமாகக் கூப்பிட்ட அதே குரலில் கூப்பிட்டுப் பாருங்கள். கூண்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.